பதினான்கு லட்சம் மதிப்பெண் எடுத்த கைபேசி

ஆம்புலன்ஸ்களுக்குப் புதுக் கைபேசி வழங்கிய விழாவில் கைபேசியைப் பற்றி ஐந்து பேர் பேசினார்கள். நோயாளியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மூன்றேகால் மணி நேரம் கழித்து, அறுபது ஓட்டுநர்களும் வரிசையில் நின்று ஆளுக்கொரு கைபேசியும், அதைவிடப் பத்து மடங்கு பெரிய சான்றிதழும் வாங்கிக்கொண்டார்கள். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தது. கைபேசி எடுத்த மதிப்பெண் அதில் பொன்னெழுத்தில் மின்னியது: பதினான்கு லட்சத்து ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு.

நம் ஓட்டுநர் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கேட்டார்.

"எத்தனைக்குங்க இது?"

"எத்தனைக்கும் இல்ல. அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே போகும்," என்றார் சான்றிதழ் கொடுத்தவர்.

ஓட்டுநர் இருபத்திரண்டு வருடமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். ஊரில் உள்ள எல்லாச் சந்துபொந்தும் அத்துப்படி என்பதால் மற்ற ஓட்டுநர்கள் அவருக்குக் 'குறுக்குச்சந்து' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதுவரை அவர் வண்டியில் ஒரு வயர்லெஸ் பெட்டி இருந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஓர் அம்மாள் மூச்சுவிடாமல் சொல்வார்: "பழைய தபாலாபீஸ் பின்னால, பச்சைக் கதவு, நெஞ்சு வலி, மாடி இல்ல." அவர் 'பச்சை' என்று சொல்லும்போதே வண்டி இரண்டாவது கியரில் இருக்கும். இப்போது அந்தப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அறையையும் பூட்டிவிட்டார்கள். பேச்சுக்கு மதிப்பெண் போட முடியாது என்று வேக நிர்ணய வாரியம் எழுதியிருந்தது. மதிப்பெண் பெறாத கருவி எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது என்பதால், பணிக்கு வந்ததும் ஓட்டுநர்கள் தங்கள் சொந்தப் போனையும் பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும்.

வேக நிர்ணய வாரியத்துக்கு ஏழு மாடிக் கட்டடம். அங்கே எதுவும் செய்ய மாட்டார்கள், விற்க மாட்டார்கள். எண் மட்டும் போடுவார்கள். அந்தக் கட்டடத்தின் லிஃப்டுக்கும் முதல் தரச் சான்றிதழ் உண்டு. அவசர வேலையாக வருபவர்கள் படிக்கட்டில் ஏறிப் போவார்கள்.

கைபேசி வந்த மறுநாள் காலை முதல் அழைப்பு வந்தது. மணி அடித்தது. ஓட்டுநர் சாவியைத் திருப்பிவிட்டுத் திரையைப் பார்த்தார். ஒரு பச்சை வளையம் சுற்றியது.

"எங்கண்ணே?" என்று பின்னாலிருந்து கேட்டார் செவிலி. பதினான்கு வருடமாக அவருடனேயே ஓடுகிறவர். கேட்கும்போதே கையுறையை மாட்டிவிடுவார்.

"சுத்துது சிஸ்டர்."

"சுத்துதுன்னா?"

"சுத்துதுன்னா சுத்துது."

வளையம் போய் ஒரு மலர் விரிந்தது. மலர் போய் 'புதுப்பிக்கப்படுகிறது' என்று வந்தது. பிறகு, இந்தச் சேவை உங்களுக்குப் பிடித்திருந்ததா, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். மறுபடி வளையம் சுற்றியது. ஒன்பதாவது நிமிடம் முகவரி வந்தது. ஓட்டுநர் அதைப் படித்துவிட்டு மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். முகவரி, வண்டி நின்ற இடத்துக்கு எதிர்ச் சாரியில் இருந்த சலவைக் கடை.

சலவைக்காரர் இஸ்திரி மேசைக்கு அடியில் விழுந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. உயிர் பிழைத்தார். பேச்சு திரும்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவர் மகள் கோபப்படவில்லை, அழவில்லை. ஓட்டுநரிடம் வந்து சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள்.

"எதிர்லதானே நின்னீங்க? உங்க வண்டி விளக்கு எங்க கடைக் கண்ணாடியில சுத்திச் சுத்தி விழுந்துச்சு. வந்துட்டாங்க வந்துட்டாங்கன்னு அப்பாகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். ஏன் இறங்கலை?"

அன்று மாலை வீட்டுக்குப் போன ஓட்டுநர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து வாரியத்துக்குப் புகார் எழுதினார். அவர் மனைவி அச்சகத்தில் பிழை திருத்துபவர். எழுதிய தாளை வாங்கிப் படித்துவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"'இந்தச் சனியன் பிடித்த கைபேசி'ன்னு எழுதியிருக்கீங்க."

"வேற எப்படி எழுதுறது?"

"'மேற்படி கைபேசி'ன்னு எழுதணும். அவங்களுக்கு அதுதான் உறைக்கும்." இரண்டு வரி திருத்துவதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. காகிதத் தூசியும் மையும் பல வருடமாக நெஞ்சில் இறங்கியிருந்தன. ஐந்தாம் மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. ஏறி வந்தால் அரை மணி நேரம் பேச மாட்டார்.

பத்து நாளில் வாரியத்திலிருந்து பதில் வந்தது. மேற்படி கைபேசி மறுசோதனைக்கு அழைக்கப்பட்டிருந்தது. ஓட்டுநர் உடன் வரலாம். ஆனால் தொடக் கூடாது.

சோதனைக் கூடம் பனிக்கட்டி அறைபோல் இருந்தது. வெல்வெட் மேடைகளில் கைபேசிகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு மின்விசிறி. நடப்பவர்கள் செருப்பில்லாமல் நடந்தார்கள். ஒல்லியான ஒரு பெண், சோதனை அலுவலர், ஓட்டுநரின் கைபேசியை இரண்டு விரலால் வாங்கி மேடையில் வைத்துத் திரையைத் தட்டினார். திரையில் ஒரு மான் கூட்டம் காட்டுக்குள் ஓடத் தொடங்கியது. எத்தனை மான் எத்தனை வேகமாக ஓடுகிறது என்பதுதான் மதிப்பெண். பதினோரு நிமிடம் ஓடும் என்றார்கள்.

நான்காவது நிமிடத்தில் அழைப்பு மணி அடித்தது. அடித்த கையோடு மான்களுக்கு மேலேயே முகவரியும் விவரமும் வந்து நின்றன. வளையமும் இல்லை, மலரும் இல்லை, நட்சத்திரமும் இல்லை.

ஓட்டுநருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைபேசியை எடுக்கப் போனார்.

"சோதனை நடக்குறப்ப எடுக்கக் கூடாதுங்க," என்று காவலர் கையைப் பிடித்தார்.

"அங்க ஒரு ஆள் சாரத்துலேர்ந்து விழுந்து கெடக்குறாங்க!"

"மான் இன்னும் ஓடுதுங்களே."

ஓட்டுநர் முகவரியை மனத்தில் வாங்கிக்கொண்டு வாசலில் நின்ற வண்டிக்கு ஓடினார். இரண்டு தெரு தள்ளிக் கட்டட வேலை நடக்கும் இடம். நான்கே நிமிடத்தில் போய்விட்டார். விழுந்த கொத்தனார் பிழைத்துக்கொண்டார். ஓட்டுநர் கைபேசியை வாங்கத் திரும்பி வந்தபோது புதுச் சான்றிதழ் தயாராக இருந்தது. மதிப்பெண் ஆறு கூடியிருந்தது. 'புகாருக்குப் பின் கைபேசி மேலும் வேகமடைந்துள்ளது' என்று கீழே குறிப்பு எழுதியிருந்தார்கள்.

வாசல்வரை கூட வந்த சோதனை அலுவலர், காவலர் காதுக்கு எட்டாத இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. சோதனை நடக்குதுன்னு தெரிஞ்சா மட்டும்தான் இது முழுசா வேலை செய்யும். மத்த நேரத்துல பாதி தூக்கம். தயாரிக்கிறவங்களே அப்படித்தான் செய்யுறாங்க."

"இது உங்க வாரியத்துக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குறதுக்குத்தானே ஏழு மாடி." அவர் சட்டென்று ஓட்டுநரின் கைபேசியை வாங்கி, மான் படம் போட்ட சோதனைச் செயலியை அதில் ஏற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த ஆம்புலன்ஸில் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. மணி அடித்தால் முதலில் மானை ஓடவிட வேண்டும். மான் ஓடினால் முகவரி வரும். ஒரு சோதனைக்கு மின்கலத்தில் பத்து விழுக்காடு தீர்ந்தது. கைபேசி தோசைக்கல்லாகச் சூடேறியது. செவிலி அதைப் பஞ்சில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். ஆனால் வண்டி நேரத்துக்குப் போனது. ஓட்டுநர் இதை ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. ஒரே வாரத்தில் அறுபது வண்டியிலும் மான் ஓடியது. அந்த ஒரு மாதம் ஊரில் யாரும் வழி பார்த்துச் சாகவில்லை.

அடுத்த மாதம் வாரியம் விசாரணை வைத்தது.

நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் வாரியத் தலைவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கனிவான முகம், யாரையும் அதட்டாத குரல். பக்கத்தில் ஒருவர் சொல் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க தம்பி. தண்ணி குடிங்க. நீங்க ஒரு நாளைக்கு எட்டுத் தடவை சோதனை நடத்தியிருக்கீங்க. எங்க அலுவலர்களே ரெண்டுக்கு மேல நடத்துறது இல்ல. ஏன்?"

"அப்பதான் சார் முகவரி வருது."

"சோதனையை வேலைக்குப் பயன்படுத்தியிருக்கீங்க."

"வேலைக்குப் பயன்படாத சோதனை எதுக்கு சார்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா?"

தலைவர் சிரித்தார். "ஆடத் தெரியாதவங்க கூடம் கோணல்னு சொல்லுவாங்க. எங்க கூடத்தைப் பாத்தீங்களே, கோணலா இருந்துச்சா? தம்பி, வேகத்துல ரெண்டு வகை. நாங்க அளக்குறது சுத்தமான வேகம். நீங்க ரோட்டுல கேக்குறது அழுக்கு வேகம். அதுல மழை இருக்கு, கூட்டம் இருக்கு, வியர்த்த விரல் இருக்கு. அதையெல்லாம் அளக்க ஆரம்பிச்சா இந்த நாட்டுல ஒரு பொருளுக்குக்கூட நல்ல எண் வராது. எண் வரலைன்னா விழா இல்ல. விழா இல்லைன்னா முன்னேற்றம் நடக்குதுன்னு சனங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சலவைக்காரருக்குப் பேச்சு போயிடுச்சு சார்."

"கேள்விப்பட்டேன், வருத்தமா இருக்கு. ஆனா பாருங்க, எங்க வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு தப்பு வந்தது கெடையாது. கேள்வித்தாளும் நாங்கதான், விடைத்தாளும் நாங்கதான், திருத்துறதும் நாங்கதான். வெளியாள் கை படவே இல்ல. இதைவிட நேர்மையா எப்படி நடக்கிறது, நீங்களே சொல்லுங்க."

 தலைவர் எழுதுபவர் பக்கம் திரும்பி, நிறுத்தி நிதானமாக முடிவைச் சொன்னார்.

"அதே கைபேசி. அதே சோதனை. கூடத்துல தாமதம் இல்ல, வண்டியில தாமதம் இருக்கு. ரெண்டு இடத்துக்கும் என்ன வித்தியாசம்? கூடத்துல நோயாளி இல்ல. வண்டியில நோயாளி இருக்காங்க. ஆக, தாமதத்துக்குக் காரணம் நோயாளி. எழுதிக்குங்க."

யாராவது சிரிப்பார்கள் என்று ஓட்டுநர் காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. பேனா தாளில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. 

மறுநாள் அறுபது கைபேசிகளிலிருந்தும் மான் போய்விட்டது. ஒரு வாரத்தில் புது ஒழுங்குமுறை வந்தது. இனி அழைப்பவர்களுக்கும் மதிப்பெண் உண்டு. எந்த மாடி, சந்து எத்தனை அடி அகலம், நோயாளி எத்தனை கிலோ, என்ன வயது, அழைப்பில் எத்தனை நொடிக்குள் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறார் என்றெல்லாம் கணக்குப் போட்டு எண் வரும். அறுநூறுக்குக் கீழே போனால் அழைப்பு 'பரிசீலனையில் உள்ளது' என்று நிற்கும். ஆம்புலன்ஸுக்கு வராது. ஆஸ்பத்திரிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே கூடத்தின் நடுவில் ஒரு சிவப்பு விளக்கு பொருத்தப்பட்டது. வாரியத்து ஆள் அங்கே வந்து கைபேசியில் மானை ஓடவிட்டால் விளக்கு எரியும். அப்போது மருத்துவர்கள் எத்தனை நொடியில் வருகிறார்கள் என்பதை வைத்து ஆஸ்பத்திரிக்கு மதிப்பெண்.

அதன்பிறகு கைபேசி அவ்வளவாக அடிக்கவில்லை.

முதல் வாரம் ஒரு நாளைக்கு நான்கு அழைப்பு. மூன்றாம் வாரம் ஒன்று. அதுவும் தரைத்தளம், அகலச் சாலை, ஒல்லியான ஆள், கணுக்கால் சுளுக்கு. வாசலில் பெட்டியோடு தயாராக நின்றிருப்பார். வண்டி நான்கு நிமிடத்தில் போய் நான்கு நிமிடத்தில் திரும்பும். வாரியத்தின் பலகையில் ஆம்புலன்ஸ் சேவையின் மதிப்பெண் நாளுக்கு நாள் ஏறியது. செவிலி உட்கார்ந்து உட்கார்ந்து பஞ்சையெல்லாம் ஒரே அளவில் வெட்டி அடுக்கினார்.

"என்னண்ணே, ஊருல எல்லாருக்கும் உடம்பு சரியாயிடுச்சா?"

"போய்ப் பாத்தாத்தான் தெரியும் சிஸ்டர்."

ஒரு நாள் மதியம் வண்டியை எடுத்துக்கொண்டு, அழைப்பில்லாமலே பழைய தபாலாபீஸ் பின்னால் போனார். வண்டி நுழைய முடியாத சந்தின் வாயில் நிறுத்தினார். விளக்கைப் பார்த்ததும் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். ஒருவரும் அருகில் வரவில்லை. ஒரு தையல்காரர் மட்டும் வந்து, வண்டியின் கதவைத் தொட்டுப் பார்த்தார்.

"யாருக்கு வந்தீங்க?"

"யாரும் கூப்பிடலை. சும்மாதான் வந்தோம்."

"யாரும் கூப்பிடலையா?" தையல்காரர் சந்தைத் திரும்பிப் பார்த்தார். "இந்தச் சந்துல மட்டும் பதினேழு பேர் பரிசீலனையில இருக்கோம். அஞ்சு பேர் இப்ப இல்ல. ஆனாலும் தினம் சேதி வருது, பொறுமைக்கு நன்றின்னு."

மிச்சம் இருந்தவர்களில் மூன்று பேரை அன்று நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்து ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள். எண் இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்று அவர்களை நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். ஓட்டுநருக்கு மதிப்பெண் இல்லாத பயணம் செய்ததற்காக விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மனைவி அதைப் படித்தார். பிழை ஒன்றும் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். 

ஆனால் தண்டனை எதுவும் வரவில்லை, பரிசு வந்தது. சேவையின் மதிப்பெண் முதன்முறையாக இருபது லட்சத்தைத் தொட்டதற்கு விழா எடுத்தார்கள். அறுபது கைபேசியில் அதிக மதிப்பெண் எடுத்தது, ஆறு கூடியிருந்த நம் ஓட்டுநரின் கைபேசி. மேடையில் தலைவர் தன் கையால் சோதனையைத் தொடங்கிவைக்க வேண்டும் என்பதற்காக அதில் மட்டும் மானைத் திரும்ப ஏற்றினார்கள். வண்டியைக் கழுவி, மாலை போட்டு, வாரியத்தின் வாசலில் நிறுத்தினார்கள். வாரியத்திலிருந்து ஓட்டுநரின் வீடு மூன்று தெரு.

தலைவர் பேசிக்கொண்டிருந்தார். "...ஒரு காலத்துல இந்தச் சேவைக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு அழைப்பு. இன்னிக்கு ஆறு. ஆரோக்கியத்தை இதைவிடத் தெளிவா ஒரு எண் சொல்லுமா?" கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டலுக்கு நடுவே ஒருவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். ஓட்டுநரின் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் இருக்கும் எலக்ட்ரீஷியன். காலில் செருப்பில்லை.

"அண்ணே, அண்ணிக்கு மூச்சு இழுக்குது. முக்கால் மணி நேரமா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. 'விரைவாகச் சொல்லவும், விரைவாகச் சொல்லவும்'னு போன் சொல்லிக்கிட்டே இருக்கு. அண்ணியால பேச முடியலை."

ஓட்டுநர் மேடையில் வெல்வெட்டின் மேல் இருந்த கைபேசியைப் பார்த்தார். அது பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. அவர் போய் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"தம்பி, ஒரு பதினோரு நிமிஷம்," என்றார் தலைவர் ஒலிபெருக்கியிலேயே, அதே கனிவோடு. "சோதனை முடிஞ்சதும் போலாமே. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

செவிலி அதற்குள் மாலையை அறுத்தெறிந்துவிட்டு வண்டியில் ஏறியிருந்தார்.

ஐந்து மாடியையும் ஓட்டுநர் எப்படி ஏறினார் என்று அவருக்கே நினைவில்லை. மனைவி தரையில் கட்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாக இருந்தது. மடியில் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது: 'விரைவாகச் சொல்லவும்.' ஓட்டுநர் அவரைத் தோளில் தூக்கினார். செவிலி அவர் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை வைத்துப் பிடித்தபடியே கூட இறங்கினார். சந்துகளுக்குள் வண்டி பறந்தது. கண்ணாடியில் மனைவியின் கண்களை மட்டும் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் எழுத்தர் நிறுத்தினார். "பயண எண்?"

"எண் எல்லாம் இல்லைங்க. மூச்சுத் திணறல். கண்ணால பாருங்க."

எழுத்தர் பார்க்கத்தான் செய்தார். கெட்ட மனிதர் இல்லை, முகம் வாடியது. "எண் இல்லைன்னா அழைப்பு இல்லைங்க. அழைப்பு இல்லைன்னா நோயாளி இல்ல. நான் யாருன்னு பதிவு பண்றது? பெஞ்சுல உக்காரவைங்க."

நடைக்கூடத்தில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. முப்பது நாற்பது பேர். ஒருவரும் முனகக்கூட இல்லை. எத்தனை நாளாகவோ உட்கார்ந்து பழகியவர்கள்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஸ்ட்ரெச்சர் நின்றது. சிலிண்டர் முள் சிவப்புக் கோட்டுக்கு இறங்கியிருந்தது.

"அண்ணே," என்றார் செவிலி. "போன்."

ஓட்டுநர் கைபேசியை எடுத்தார். மானைத் தட்டினார்.

கூடத்தின் நடுவே சிவப்பு விளக்கு எரிந்தது. 'சோதனை நடைபெறுகிறது' என்று சுவரில் எழுத்து ஒளிர்ந்தது. எங்கெங்கோ கதவுகள் படபடவென்று திறந்தன. மூன்று மருத்துவர்கள், ஐந்து செவிலியர், தள்ளுவண்டி, முழுச் சிலிண்டர், நெபுலைசர் எல்லாம் முப்பத்தெட்டு நொடியில் வந்து சேர்ந்தன. ஒரு மருத்துவர் நரம்பு தேடி ஊசி போட்டார். இன்னொருவர் ஓட்டுநரின் மனைவியிடம், "பயப்படாதீங்கம்மா, நாங்க இருக்கோம்ல," என்றார். அவ்வளவு பரிவான குரலை ஓட்டுநர் ஆஸ்பத்திரியில் கேட்டதே இல்லை.

பதினோரு நிமிடம் முடிந்தது. மான்கள் மறைந்தன. எண் வந்தது. விளக்கு அணைந்தது.

மருத்துவர்கள் கையை எடுத்தார்கள். பரிவாகப் பேசியவர் கையுறையைக் கழற்றியபடி, பாதி வாக்கியத்தில் திரும்பி நடந்தார். ஒருவர் நெபுலைசரின் வயரைச் சுருட்டத் தொடங்கினார்.

"டாக்டர், இன்னும் இழுக்குது!"

"சோதனை முடிஞ்சிடுச்சேம்மா," என்றார் அவர் செவிலியிடம், ஒரு குழந்தைக்கு எடுத்துச் சொல்வதுபோல்.

ஓட்டுநர் மறுபடி தட்டினார். விளக்கு எரிந்தது. போனவர்கள் ஓடிவந்தார்கள். விட்ட இடத்திலிருந்து வாக்கியம் தொடர்ந்தது.

ஐந்து முறை தட்டினார். மூன்றாவது முறைக்குப் பிறகு கைபேசியைக் கையில் பிடிக்க முடியவில்லை. செவிலி பஞ்சு கொடுத்தார். மின்னேற்றம் செய்யப் பார்த்தார்கள். சூடு தணிய வேண்டும் என்று திரை மறுத்தது. ஐந்தாவது முறை மான் ஓடி முடிந்தபோது மனைவியின் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. அவர் முகமூடியைத் தானே விலக்கினார்.

"போதும். எனக்கு மூச்சு வருது."

"இன்னும் ஒரு தடவை போடுறேன். படுத்துக்கோ."

"நான் பேசுறேன்ல? பேசுறேன்னா மூச்சு இருக்கு." அவர் கையை மெல்லத் தூக்கி ஓட்டுநருக்குப் பின்னால் காட்டினார். "அங்க பாருங்க."

ஓட்டுநர் திரும்பினார். பெஞ்சில் இருந்தவர்கள் இப்போது சுவரைப் பார்க்கவில்லை. கைபேசியைப் பார்த்தார்கள். எழ முடிந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எழ முடியாதவர்களைப் பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அந்தச் சந்திலிருந்து அவரே தூக்கி வந்த மூன்று பேரில் இருவர் அங்கே இருந்தார்கள். ஒரு பெண், மயங்கிச் சாய்ந்திருந்த கணவனின் தலையை மடியில் வைத்தபடி, மிகத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அண்ணே, அந்தச் சோதனையில இவரையும் சேத்துக்க முடியுமா?"

திரையின் மூலையில் மின்கலம் நாற்பத்திரண்டு என்று இருந்தது. ஒரு சோதனைக்குப் பத்து. கூடத்தில் முப்பது பேருக்குக் குறையாது. வாசல் பக்கம் வாரியத்தின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது; கதவுகள் நிதானமாகத் திறந்தன, ஒன்றன்பின் ஒன்றாக.

ஓட்டுநர் மனைவியின் ஸ்ட்ரெச்சரைச் சுவரோரம் தள்ளிவிட்டு, செவிலியைப் பார்த்தார். 

"நாலு தடவை வரும் சிஸ்டர். நாலு பேரைச் சொல்லுங்க."

 கையில் பஞ்சோடு செவிலி பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கத் தொடங்கினார். ஒவ்வொருவராக நாடி பிடித்துப் பார்த்தார். அவர் கடந்து போனவர்கள் மறுபடியும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.